பின்தொடைச் சதையும் இருபது நிமிடமும்



சென்ற இதழில் குளிர்காலச் சப்பாத்து வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கதைத்த எல்லோருக்கும் நன்றி. இம்முறையும் கால் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் சப்பாத்துக்கு மேலே, முழங்காலுக்கும் மேலே உள்ள பகுதி.

என் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே நோர்வேயில் எங்கள் ஊர்க் கழகத்தின் பெண்பிள்ளைகள் அணியில் உதைபந்து விளையாடுகிறாள். கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பயிற்சி. எனக்கு மீன் தொழிற்சாலையில் வேலை முடிவது நாலரைக்கு. வீட்டுக்கு வந்து, மீன் மணம் போகக் குளித்து, ஒரு தேத்தண்ணி குடித்து, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஐந்து இருபது ஆகிவிடும். நான் அதைப் பெரிய பிழையாக எடுக்கவில்லை. ஏனென்றால் முதல் இருபது நிமிடமும் அங்கே ஒருவரும் பந்து விளையாடுவதில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்று மெல்ல ஓடுவார்கள், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்பார்கள், துள்ளுவார்கள், முழந்தாளில் இருந்து முன்னால் சரிவார்கள். "விளையாட்டுத் தொடங்கிற நேரத்துக்குக் கொண்டு வந்து விடுறன்தானே" என்று என்பாட்டில் இருந்தேன்.

ஒருநாள் பயிற்சி கொடுக்கிற பெண்மணி என்னைக் கூப்பிட்டார். அவரும் ஒரு பிள்ளையின் தாய்தான். சம்பளம் இல்லாமல் செய்கிறார். "உங்கள் மகள் நன்றாக விளையாடுகிறாள். ஆனால் அவளுக்கு மிகவும் தேவையான பகுதியைத்தான் ஒவ்வொரு முறையும் தவற விடுகிறாள்" என்றார். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. காரில் வரும்போது மகளும் விடவில்லை. "அப்பா, நீங்கள்தான் பிந்திக் கொண்டுவந்து விடுறியள். மற்றப் பிள்ளையள் உடம்பு சூடாகி ஓடுதுகள். நான் வந்து இறங்கின உடனே ஓட வேண்டிக் கிடக்கு."

அந்த நேரம் எனக்கு என் கால் நினைவுக்கு வந்தது.

கடந்த கோடையில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகங்களின் சுற்றுப்போட்டி நடந்தது. அணிக்கு ஏழு பேர். ஒரே நாளில் ஐந்து ஆட்டம். குளிர்காலம் முழுவதும் தொழிற்சாலையில் ஈரச் சீமெந்தில் நின்று மீன் வெட்டியதைத் தவிர என் உடம்புக்கு வேறு பயிற்சி கிடையாது. ஆனால் பள்ளிக்கூடக் காலத்தில் வலது பக்கம் ஓடின கால் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. நாலாவது ஆட்டத்தில் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடினேன். பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. அப்படியே இருந்துவிட்டேன். "கண்ணூறு பட்டிட்டுது அண்ணை" என்றான் எங்கள் கோல்காப்பாளன்.

வைத்தியர் ஐந்து கிழமை விடுப்பு எழுதினார். அடிப்படைச் சம்பளம் வந்தது. ஓவர்டைம் காசு வரவில்லை. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு மாதாமாதம் நான் அனுப்புவது அந்த ஓவர்டைம் காசுதான். அந்த ஐந்து கிழமையில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்தேன். அங்கேயும் அதே காட்சி. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். அவனுக்கு வைத்தியர் இருக்கிறார், பிசியோ இருக்கிறார், சமையல்காரர்கூட இருக்கிறார். அவனுக்கே இப்படி என்றால் பயிற்சியால் என்ன பிரயோசனம்? எல்லாம் விதியா?

நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் காலைப் பார்த்த பிசியோவிடம் கேட்டேன், நூலகத்தில் தேடினேன், மகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தேன். விளங்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இது சின்ன விஷயம் அல்ல. சுவீடனைச் சேர்ந்த யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற வைத்தியப் பேராசிரியர் 2001 முதல் ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் ஏற்படும் காயங்களைக் கணக்கெடுத்து வந்திருக்கிறார். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமே இதை நடத்துகிறது. அந்தக் கணக்கின்படி 25 ஆட்டக்காரர் உள்ள ஒரு தொழில்முறைக் கழகத்தில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 50 காயங்கள் வருகின்றன. அதாவது ஆளுக்கு இரண்டு. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு தசைக் காயம். தசைக் காயங்களில் முதலிடம் பின்தொடைத் தசைக்குத்தான்.

ஏன் அந்தத் தசை? எங்கள் ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். நிறைந்த வாளியை மேலே இழுப்பது ஒரு வேலை. அதே வாளியைக் கயிறு கையை அறுக்காமல் பிடித்துப் பிடித்துக் கீழே இறக்குவது இன்னொரு வேலை. வேகமாக ஓடும்போது முன்னால் வீசப்படுகிற காலைப் பின்தொடைத் தசை இப்படித்தான் பிடித்துப் பிடித்து விடுகிறது. நீண்டுகொண்டு போகும்போதே பாரத்தையும் தாங்குகிறது. பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் அது கிழிகிறது. ஆகவே இழுக்கிற பலம் மட்டும் இருந்தால் காணாது. இறக்குகிற பலமும் வேண்டும்.

அந்தப் பலத்தைத் தருகிற பயிற்சிக்கு நோர்டிக் பயிற்சி என்று பெயர். கருவி ஒன்றும் வேண்டாம். முழந்தாளில் நிற்க வேண்டும். இன்னொருவர் பின்னால் இருந்து இரண்டு கணுக்காலையும் நிலத்தோடு அமத்திப் பிடிக்க வேண்டும். முழங்காலில் இருந்து தலை வரை உடம்பை நேராக வைத்துக்கொண்டு, முன்னால் மெல்ல மெல்லச் சரிய வேண்டும். இனித் தாங்க முடியாது என்ற இடத்தில் கைகளை ஊன்றி விழ வேண்டும். அவ்வளவுதான். மகளின் அணிப் பிள்ளைகள் முழந்தாளில் இருந்து சரிந்தது இதுதான் என்று பிறகுதான் விளங்கியது.

இது பலன் தருமா என்று டென்மார்க்கில் சோதித்தார்கள். தொழில்முறை அணிகளும் மற்ற அணிகளுமாக 50 அணிகள், 942 ஆட்டக்காரர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி வழமையான பயிற்சியோடு இந்தப் பயிற்சியையும் பத்துக் கிழமை செய்தது. பிறகு கிழமைக்கு ஒருமுறை தொடர்ந்தது. மற்றப் பகுதி வழமைபோல இருந்தது. முடிவு 2011இல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களிடையே பின்தொடைக் காயம் 15. செய்யாதவர்களிடையே 52. முன்பு ஒருமுறை கிழிந்து திரும்பவும் கிழிந்தது மட்டும் பார்த்தால் 3க்கு 20. இதை வாசித்தபோது என் காலை நானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். நம்மவர்கள் பலர் மைதானத்தில் இறங்க முன் காலை ஒரு கம்பியில் தூக்கிப் போட்டு இரண்டு முறை நீட்டி மடக்குவதோடு சரி. நானும் அப்படித்தான். ஐஸ்லாந்திலும் நோர்வேயிலும் முதல்தர அணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நீட்டி மடக்குவதை மட்டும் செய்ததால் பின்தொடைக் காயம் குறையவில்லை. நோர்டிக் பயிற்சியையும் சேர்த்துச் செய்த அணிகளில்தான் குறைந்தது. எந்தப் பயிற்சி என்பதும் முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: "மருந்து கண்டுபிடித்தாயிற்று என்றால் நோய் குறைந்திருக்க வேண்டுமே?" நானும் அதைத்தான் கேட்டேன். பதில் தலைகீழாக இருந்தது. எக்ஸ்ட்ராண்டின் கணக்கில் 2001-02 பருவத்தில் எல்லாக் காயங்களிலும் 12 வீதம் பின்தொடைக் காயம். 2021-22 பருவத்தில் அது 24 வீதம். பங்கு இரட்டிப்பாகிவிட்டது.

காரணத்தைத் தேடினால் முதலில் வருவது வெட்கப்பட வேண்டிய ஒன்று. மருந்து போத்தலில் இருக்கிறது, யாரும் குடிக்கவில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய 32 கழகங்களையும் நோர்வேயின் முதற்பிரிவுக் கழகங்கள் 18ஐயும் விசாரித்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. கழகத்துக்கு மூன்று பருவம் என்று மொத்தம் 150 பருவக் கணக்கு. அதில் நோர்டிக் பயிற்சியைச் சொன்னபடி முழுமையாகச் செய்தது 16இல். அரைகுறையாகச் செய்தது 9இல். மிச்சம் 125இல் செய்ததாகச் சொல்ல முடியாது. உலகத்திலேயே பணக்காரக் கழகங்கள்! கருவிகூட வேண்டாத, காசு செலவில்லாத பயிற்சி!

தொடங்கிய புதிதில் இந்தப் பயிற்சி இரண்டு மூன்று நாளுக்குச் சதைநோவு தரும். கிழமைக்கு இரண்டு ஆட்டம் உள்ள ஆட்டக்காரன் அந்த நோவை விரும்பமாட்டான். பயிற்றுநரும் அடுத்த ஆட்டத்தை வெல்வதைப் பார்ப்பாரே தவிர, மூன்று மாதம் கழித்து வரக்கூடிய காயத்தைப் பார்க்கமாட்டார். வராத காயத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.

இரண்டாவது காரணம் ஆட்டங்கள் கூடியது. ஸ்கொட்லாந்தின் ஒரு தொழில்முறை அணியை இரண்டு பருவம் கவனித்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். காயத்தை இவர்கள் 1,000 மணித்தியாலத்துக்கு எத்தனை என்று கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் தொழிற்சாலை ஆட்கள் 25 பேர் ஆளுக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் அது 1,000 மணித்தியாலம். கிழமைக்கு ஓர் ஆட்டம் ஆடியபோது 1,000 மணித்தியாலத்துக்கு 4 காயம். இரண்டு ஆட்டம் ஆடியபோது 25க்கு மேல். ஆறு மடங்கு! ஆனால் அவர்கள் ஆட்டத்தில் ஓடிய தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஆள் நல்லாய் ஓடுகிற மாதிரித்தான் தெரியும். உள்ளே களைப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து இரட்டை வேலை செய்கிற நம்மவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பார்சலோனாக் கழகத்தின் பெட்ரியை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2020-21 பருவத்தில் அவருக்குப் 18 வயது. கழகத்துக்கு ஆடி முடித்து, ஐரோப்பியக் கிண்ணத்துக்கு ஆடி, உடனே டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். எல்லாமாக 70க்கு மேற்பட்ட ஆட்டங்கள். 2021 ஓகஸ்ட் 7இல் ஒலிம்பிக் இறுதியாட்டம். செப்டம்பரில் தொடைத் தசை போய்விட்டது. திரும்பி வந்தார், திரும்பவும் போனது. அந்தப் பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் இல்லை. பல பருவம் இப்படியே போனது. 2024-25இல் கழகத்துக்குப் புதிய பயிற்றுநரும் புதிய உடற்பயிற்சிக் குழுவும் வந்தார்கள். உடலைப் பலப்படுத்தும் பயிற்சியில் மிகவும் கவனம் எடுத்தார்கள். பெட்ரி அந்தப் பருவத்தில் கழகத்துக்கு 50க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் 2025 ஒக்டோபரில் அவருக்குப் பின்தொடைத் தசை மீண்டும் கிழிந்தது.

இதையும் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி ஒரு தாயத்து அல்ல. கட்டிக்கொண்டால் ஒன்றும் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. எதிராளி காலில் விழுந்தால் பலமான கணுக்காலும் முறியும். முன்பு காயம்பட்ட இடம் மற்ற இடத்தை விடச் சுலபமாகக் காயப்படும். வயதும் ஒரு பக்கம் இழுக்கும். பயிற்சி செய்வது காயம் வரும் தடவைகளைக் குறைப்பது மட்டுமே. 52ஐ 15 ஆக்குகிறது. பூச்சியம் ஆக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் நிற்கிற 37 காயங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், அவன் சோபாவில் கிடக்க வேண்டிய கிழமைகள் இருக்கின்றன.

பயிற்சி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்பதையும் விளங்கிக்கொண்டேன். ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரேயடியாகச் செய்வது அதைவிட மோசம். உடம்பு படியேறுவது போல ஏறும். மதில் பாய்வது போலப் பாயாது. குளிர்காலம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஐந்து ஆட்டம் ஆடினேனே, அது மதில் பாய்ச்சல். கண்ணூறு பாவம், அதன் மேல் பழி போட்டோம்.

இனிப் பிள்ளைகளிடம் வருகிறேன். பெரிய கழகங்கள் செய்யாமல் விட்டதை இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உலக உதைபந்தாட்டச் சங்கத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு தயார்ப்படுத்தும் பயிற்சி இருக்கிறது. அதற்குப் பதினொன்று கூட்டல் என்று பெயர். ஓட்டம், கால் பலம், ஒற்றைக் காலில் சமநிலை, துள்ளி முழங்கால் உள்ளே மடியாமல் இறங்குவது, நோர்டிக் பயிற்சி எல்லாம் அதில் இருக்கின்றன. எடுக்கிற நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம். நோர்வேயின் 125 கழகங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்பிள்ளைகள் அந்த ஆய்வில் இருந்தார்கள். முடிவு 2008இல் வந்தது. அதைச் செய்த அணிகளில் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயம் ஏறத்தாழ அரைவாசி. ஒழுங்காக அடிக்கடி செய்தவர்களுக்குப் பலனும் கூட. வளர்ந்துவரும் பெண்பிள்ளைகளுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் குறுக்கு இணைப்பு நார், இங்கே 'கோர்ஸ்போன்' என்று சொல்வார்களே, அது அறுகிற ஆபத்து ஆண்பிள்ளைகளை விடக் கூட. அறுந்தால் பல மாதங்கள் விளையாட முடியாது.

பதின்மூன்று வயது. பெண்பிள்ளை. இருபது நிமிடம். நான் எதை வெட்டி எறிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது. அந்தப் பெண்மணி சொன்னது பிந்தி வருகிறோம் என்ற குற்றச்சாட்டு அல்ல. என் பிள்ளையின் முழங்காலைப் பற்றிய கவலை.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். செவ்வாயும் வியாழனும் அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கி அரை மணித்தியாலம் முந்தி முடிக்கலாமா என்று கேட்டேன். கேட்க முன் இரண்டு நாள் யோசித்தேன். அவர் யோசிக்க இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. சரி என்றுவிட்டார். இப்போது ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கவே மைதானத்தில் நிற்கிறோம்.

வீட்டிலும் ஒரு மாற்றம். காலைப் பார்த்த பிசியோ சம்மதம் தந்த பிறகு நானும் தொடங்கிவிட்டேன். முதல் கிழமை ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தரம். பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். முன்னறையில் பாயை விரித்து முழந்தாளில் நிற்பேன். மகள் ஒரு கணுக்காலையும் சின்னவன் மற்றக் கணுக்காலையும் பிடிப்பார்கள். மனைவி குசினி வாசலில் நின்று, "ஆரைக் கும்பிடுறியள்?" என்று கேட்பா. முதல் நாள் தொப்பென்று விழுந்தேன். இப்போது பாதி வரை பிடித்து இறங்குகிறேன்.

புதிதாக வந்திருக்கிற குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பிள்ளையைக் கழகத்தில் சேர்த்தால் தொடக்க நேரத்துக்கே கொண்டுபோய் விடுங்கள். கார் இல்லாவிட்டால் அணியில் வேறு பெற்றோரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளை நோகுது என்று சொன்னால் சாட்டு என்று நினைத்து விரட்டாதீர்கள். பயிற்சி தருபவரிடம் சொல்லுங்கள். அடுத்த கோடைச் சுற்றுப்போட்டிக்கு வரப்போகிற அண்ணன்மாரே, தம்பிமாரே, இப்போதே தொடங்குங்கள். ஏற்கெனவே நோவு உள்ளவர்கள் முதலில் வைத்தியரையோ பிசியோவையோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பெட்ரிக்குக் கால் போனால் கழகம் சம்பளம் கொடுக்கும், பத்து வைத்தியர் சுற்றி நிற்பார்கள். நமக்குக் கால் போனால் ஊரில் ஒருத்தி தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள். ஆகவே அவர்கள் செய்யாமல் விட்டாலும் நாங்கள் செய்ய வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.